பூதக்கோட்டையில் நெட்டு சுற்றிய கதை

ஒரு காட்டில் புலி இல்லாமல் போய்விட்டது. செத்துப்போகவில்லை. கூண்டில் ஏற்றி வேறு ஏதோ மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். புலி போன நாளிலிருந்து அந்தக் காட்டுப் பிராணிகளுக்குப் புதிதாக ஒரு தொந்தரவு வந்து சேர்ந்தது. அதன் பெயர் ஓய்வு நேரம். முன்பெல்லாம் பாதிப் பொழுது பயப்படுவதற்கும் மீதிப் பொழுது ஓடுவதற்கும் சரியாகப் போய்விடும். இப்போது மேய்ந்து முடித்தால் மாலை முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. துரத்த ஆளில்லாத வாழ்க்கையும் ஒரு வாழ்க்கையா என்று மான்கள்கூட அலுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் 'பூதக்கோட்டை' வந்தது. போனில் நெட்டைப் போட்டுக்கொண்டு நாலு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ஒரு கோட்டைக்குள் நுழைந்து, அங்கே காவல் இருக்கும் எரிபூதத்தை அடித்து வீழ்த்த வேண்டும். வீழ்த்தினால் தலையில் கிரீடம் வரும். நிஜத்தில் பயப்பட எதுவும் இல்லாமல் போன பிராணிகள், போனைப் பார்த்துப் பயந்து ஆனந்தப்பட்டன.

காட்டுக்குள் போன் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நரி பேசியது, காக்கை பேசியது என்று சொன்னபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டவர்கள், போன் என்றதும் மட்டும் ஆதாரம் கேட்பது நியாயமில்லை. காட்டோரத்து விடுதி ஒன்றிலிருந்து ஒரு ஒயர் மரம் மரமாகத் தாவி உள்ளே வந்தது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

இது பவுனு என்கிற முள்ளம்பன்றியின் கதை. பவுனுவுக்குக் காட்டில் கெட்ட பெயர் எதுவும் கிடையாது. யாரைக் கேட்டாலும் "தங்கமான பிறவி" என்றுதான் சொல்வார்கள், நாலடி தள்ளி நின்றுகொண்டு. கல்யாணம் காட்சி என்றால் மறக்காமல் அழைப்பு வரும். பந்தியில் உட்கார்ந்தால் மட்டும் இரண்டு பக்கத்து இலையும் காலியாக இருக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்பதால் பவுனுவும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. சொல்லப்போனால், யாராவது பக்கத்தில் வந்தால் அதுவே தானாக இரண்டடி பின்னால் போய்விடும். சின்ன வயதில் ஒரு முயல்குட்டியைத் தூக்கிக் கொஞ்சப் போய், அந்தக் குட்டி போட்ட அலறல் இன்னும் அதன் காதைவிட்டுப் போகவில்லை.

ஆனால் பூதக்கோட்டையில் பவுனு முள்ளம்பன்றி இல்லை. வெண்பட்டு என்கிற வைத்தியச்சி. இடுப்பு வரைக்கும் வழவழவென்று கூந்தல், பஞ்சு மாதிரி கை. அடிபட்டவர்கள் ஓடி வந்து வெண்பட்டை ஒட்டி நிற்க வேண்டும். அவள் தொட்டால்தான் காயம் ஆறும். விளையாட்டை அமைத்தவர்கள் என்ன நினைத்து அப்படி அமைத்தார்களோ, பவுனுவுக்கு அது தனக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. மாலையானால் மூன்று பேர் "அக்கா, அக்கா" என்று தன்னிடம் ஓடி வருகிறார்களே, அதற்காகத்தான் அது விளையாடியது. பூதம் செத்தாலும் ஒன்றுதான், பிழைத்தாலும் ஒன்றுதான்.

அந்த மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆள் மகுடபதி என்கிற காட்டெருமை. அதற்குக் கேடயக்காரன் வேஷம். பூதத்துக்கு நேர் எதிரே மார்பைக் காட்டி நின்று, விழுகிற அடியை எல்லாம் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். நிஜத்தில் லாரியை மோதி நிறுத்தக்கூடிய உடம்பு. குழுவுக்குத் தலைவனும் அதுதான். குரல் பெரிதாக இருந்ததால் தேர்தல் தேவைப்படவில்லை.

அடுத்தது சிங்காரம் என்கிற மயில். பூதத்தின் தலையில் தீ மூளும்போது மழை மந்திரம் போட்டு அணைக்கிற மந்திரவாதி. வேஷத்திலும் தோகையை விட மனம் வராமல், பெரிதாக ஒன்று வைத்துக்கொண்டது. பீலி ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்க வேண்டும் என்று போனில் இருந்த அலங்காரம் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தது. அதனால் ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்னால் போன் சூடு பிடித்துவிடும். தோசையே வார்க்கலாம். படம் ஓடாது, கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

மூன்றாவது அங்கண்ணன் என்கிற கருமந்தி. வில்லாளி. பூதத்தின் தொப்புளில் ஒரு கண் உண்டு. அது திறக்கிற நேரம் பார்த்து அம்பு விட வேண்டியது அங்கண்ணன் பொறுப்பு.

இந்த நாலு பேரும் தினமும் மாலையில் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, கோட்டைக்குள் போவார்கள். தினமும் தோற்பார்கள். தோற்ற பிறகு நடப்பதுதான் இந்தக் குழுவுக்கென்று உள்ள வழக்கம். மகுடபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்கும்:

"என்னாச்சு?"

"சுத்துதுங்கண்ணா," என்று அங்கண்ணன் சொல்லும். நெட்டு நின்றுபோனால் திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றுமே, அதைச் சொல்கிறது. "கண்ணு திறந்துச்சு, நான் அம்பு விட்டுட்டேன். நெட்டுதான் கொண்டுபோய்ச் சேர்க்கல."

"நானும் மழையை உட்டுட்டேன்," என்று சிங்காரம் சொல்லும். "பாதி வழியிலயே நின்னுருச்சு."

"நான் நின்ன எடத்துல பாறை மாதிரி நின்னேன். இந்த நெட்டு என்னைத் திருப்பித் திருப்பிக் காட்டுது," என்று மகுடபதி சொல்லும்.

"உங்க யார் மேலயும் தப்பில்ல தம்பி," என்று பவுனு முடித்து வைக்கும்.

பிறகு நாலு பேரும் சேர்ந்து நெட்டைத் திட்டுவார்கள். ஒயர் போட்டவன், அதை இழுத்துக் கட்டியவன், விடுதிக்காரன், அவனுடைய முன்னோர் என்று ஒருவரையும் விடமாட்டார்கள். திட்டித் தீர்த்த பிறகு பேச்சு மெல்ல வேறு பக்கம் போகும். எந்தச் சரிவில் புல் நன்றாக இருக்கிறது, அங்கண்ணனின் மாமியார் ஏன் கோபித்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போனாள், இந்த வருஷம் மழை எப்படி. ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. எல்லாப் பழியையும் சுமக்க ஒரு ஒயர் இருந்தது. அந்த மாலைப் பேச்சுதான் பவுனுவுக்கு உலகத்திலேயே பிடித்த விஷயம்.

இப்படியே போயிருந்தால் கதையும் இல்லை, நீதியும் இல்லை. கெடுத்தது செந்நாய்க் கூட்டம்.

ஒயர் காட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே அவை குடியிருந்தன. நெட்டு அவற்றுக்குச் சுடச்சுடக் கிடைத்தது. பூதத்தை என்றைக்கோ அடித்துவிட்டு, விளையாட்டில் கிரீடத்தோடு உலாத்திக்கொண்டிருந்தன. ஒருநாள் நீர்த்துறையில் ஒரு மான், மகுடபதியைப் பார்த்து, "உங்க குழு இன்னும் வாசப்படியே தாண்டலையாமே?" என்று சும்மா கேட்டுவைத்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தச் சின்னக் கேள்வி தாங்கவில்லை.

அன்று மாலை மகுடபதி அறிவித்தது: "செந்நாய்க் குழுவுல கேடயத்துக்கு ஆள் தேடறாங்க. மழை பிடிக்கறதுக்குள்ள நாம பூதத்தை அடிக்கலைன்னா நான் அங்க போயிருவேன். எனக்கும் மானம் இருக்குதில்ல?"

பவுனு கணக்குப் போட்டுப் பார்த்தது. விளையாட்டுக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் வந்தால் கோட்டைக் கதவே திறக்காது. கேடயக்காரன் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். பிறகு மாலையில் "அக்கா" என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? பந்தியில் காலி இலைகளுக்கு நடுவே உட்காரப் பழகிக்கொள்ளலாம். ஒருமுறை பக்கத்தில் ஆள் வந்து நின்ற பிறகு, அந்த இடம் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எப்பாடு பட்டாவது நெட்டைச் சரிசெய்துவிடுவது என்று பவுனு முடிவு செய்தது. நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியங்களுக்கே உரிய அவசரத்தோடு மறுநாளே கிளம்பியது.

ஒயர் வழியே நடந்து பார்த்தால், அது ஒயராக இல்லை. ஓரிடத்தில் யானை முதுகு சொறிந்து சொறிந்து தரைவரை தொங்கவிட்டிருந்தது. இன்னோரிடத்தில் இணைப்புப் பெட்டிக்குள் முசுறு எறும்புகள் குடும்பம் நடத்தின. பவுனு போய் லைன்மேனைக் கூப்பிட்டது. அந்தக் காட்டுக்கு லைன்மேன், தாசப்பன் என்கிற மரங்கொத்தி.

தாசப்பன் பொந்தைவிட்டு வெளியே வராமலே கேட்டது: "ரூட்டரை ஒருக்கா அணைச்சுப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அணைச்சதும் போட்டீங்களா, கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டீங்களா?"

"ஆறவிட்டுத்தான் போட்டேன்."

"அப்படின்னா கோளாறு மேல இருந்து வருது," என்று சொல்லி, தாசப்பன் வானத்தைப் பார்த்தது. பவுனுவும் பார்த்தது. வானத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பெருமூச்சு விட்டுக்கொண்டார்கள்.

இப்படிப் பலமுறை நடந்து, பவுனு பொந்துக்குக் கீழேயே படுத்துவிட்ட பிறகுதான் தாசப்பன் இறங்கி வந்தது. ஒயரை முழுக்க இழுத்துக் கட்டலாம், ஆனால் மரத்தில் அடித்துப் பிடிக்க வைக்க நல்ல முளை வேண்டும், மூங்கில் உளுத்துப்போகிறது என்றது. சொல்லிக்கொண்டே பவுனுவின் முதுகைப் பார்த்தது.

பவுனு திரும்பி நின்று, இடது பக்கத்தில் நீளமாக, கருப்பும் வெள்ளையுமாக இருந்த நல்ல முட்களாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. வேலை முடிந்தபோது அதன் முதுகு, பாதி அறுத்து நிறுத்திய சோளக்காடு போல இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அது சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தாசப்பன் ஒயரை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டியது. எறும்புகளைக் காலி செய்ய வைத்தது, அதாவது தின்றது. நாலு பேரின் போனையும் வாங்கிப் பார்த்தது. சிங்காரத்தின் போனைத் தொட்டுவிட்டு அலகை ஊதிக்கொண்டது.

"பீலி மினுக்கத்தைக் குறைச்சாத்தான் படம் ஓடும்," என்றது.

"எவ்வளவு குறைக்கணும்?"

"காக்கா அளவுக்கு."

சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு, குழுவுக்காகச் சம்மதித்தது.

"இனிமே சுத்தாது," என்றது தாசப்பன். "சுத்துனா என் பேரை மாத்திக்கறேன்."

அன்று மாலை கோட்டைக் கதவு திறந்தபோது நாலு பேரும் போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்கள். அதுவரை பாசி பிடித்த குளத்துக்குள் பார்ப்பது போலத்தான் பூதக்கோட்டையைப் பார்த்திருந்தார்கள். இப்போது சுவரில் பல்லி ஓடுவதுகூடத் தெரிந்தது. மூலையில் நெட்டுக்கான விளக்கு பச்சையாக எரிந்தது. பூதம் எழுந்து நின்றது. அதன் பல்லிடுக்கில் சிக்கியிருந்த எலும்பையும் பார்க்க முடிந்தது.

"நில்லுங்க எல்லாரும்! நான் முன்னால போறேன்!" என்று மகுடபதி கர்ஜித்தது. முன்னால் போனது. பூதம் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான், மகுடபதி சட்டென்று திரும்பி, கேடயத்தை முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றுவிட்டது. புலியைக் கண்டால் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. பார்க்காமல் இருந்தால் போய்விடும் என்று நம்பிக்கை.

பூதத்தின் தலையில் தீ மூண்டது. மழை வரவில்லை. எல்லோரும் சிங்காரத்தைத் தேடினால், அது பூதத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தன் தோகை பின்பக்கம் எப்படித் தெரிகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. தொப்புள் கண் திறந்தது, வெகுநேரம் திறந்தே இருந்தது, பிறகு சலித்துப்போய் மூடிக்கொண்டது. அங்கண்ணன் கோட்டையின் மூலையில் வரைந்திருந்த மாமரத்தில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. அது ஏற முடியாத மரம், வெறும் படம். விழுந்து எழுந்த விதத்தைப் பார்த்தால், இத்தனை நாளும் அதே மரத்தில்தான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது என்று தெரிந்தது.

அடிபட்ட மகுடபதி, "அக்கா!" என்று வெண்பட்டிடம் ஓடியது. வெண்பட்டு இரண்டடி பின்னால் போனாள். மகுடபதி இன்னும் நெருங்கியது. வெண்பட்டு இன்னும் பின்னால் போனாள். பவுனுவின் விரல் தானாகவே அப்படித்தான் நகர்ந்தது. நெட்டு சுற்றிய காலத்தில் அது பின்வாங்குவதற்குள் மற்றவர்கள் வந்து ஒட்டிவிடுவார்கள். இப்போது அது பின்வாங்கிய ஒவ்வொரு அடியையும் நெட்டு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கேடயக்காரன் துரத்த, வைத்தியச்சி ஓட, பூதம் இரண்டு பேரையும் ஒரே மிதியில் மிதித்தது.

பழக்கதோஷத்தில் மகுடபதி கேட்டது: "என்னாச்சு?"

"சுத்து..." என்று அங்கண்ணன் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"நீங்க ஏனுங்கண்ணா சுவத்தைப் பார்த்து நின்னீங்க?" என்று சிங்காரம் கேட்டது.

"அதைக் கேக்க நீ யாரு? பொறகால அழகு பாத்துட்டு நின்னவன்தானே? டேய் அங்கண்ணா, உனக்கு மரம் ஏற வேற எடமே கிடைக்கலயா? காடு பூரா மரம்தானடா இருக்குது!"

"அதுல பழம் இருந்துச்சுங்கண்ணா."

"வரைஞ்ச பழம்டா!"

பிறகு மகுடபதி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதுதான் பவுனுவைக் கொன்றது. "எல்லாத்தையும் உடுங்க. அக்கா, நீங்களா? நான் உசுருக்கு ஓடி வர்றேன், நீங்க என்னைக் கண்டு ஒதுங்கிப் போறீங்க. இத்தனை நாளும் அப்படித்தானா?"

பவுனு பதில் சொல்ல வாயெடுத்தது. என்னவென்று சொல்வது? நான் ஒதுங்குவது உங்களுக்காக என்றா? அதற்குள் மூன்று பேரும் போனை அணைத்துவிட்டார்கள்.

அன்றோடு குழு கலைந்தது. மகுடபதி செந்நாய்களிடம் போனதாகச் சேதி வந்தது. மறுநாள் மாலை பவுனு தனியாகக் கோட்டை வாசலில் போய் நின்றது. அதற்கடுத்த மாலையும் நின்றது. வெண்பட்டின் கூந்தல் தடங்கலே இல்லாமல் காற்றில் அலைந்தது. ஒவ்வொரு மயிரிழையும் தெரிந்தது. அவ்வளவு துல்லியமான படத்தில் அவ்வளவு காலியான வாசலை அதுவரை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். வழியில் போகிற வேறு குழுக்கள் "வைத்தியச்சி வேணும்" என்று பக்கத்தில் வரும். வெண்பட்டு இரண்டடி பின்னால் போவாள். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். பவுனு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதது. முள் பிடுங்கிய இடம் வலித்ததற்கு அழாததையும் சேர்த்து அழுதது.

அழுது முடித்ததும் அதற்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. தான் பழுது பார்த்தது ஒயரை அல்ல. நாலு பேரைச் சேர்த்துப் பிடித்திருந்த ஒரே விஷயத்தை இழுத்துக் கட்டி, எறும்பெல்லாம் தட்டி, நாசமாக்கிவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில், தாசப்பன் பொந்துக்குள் தூங்குகிற நேரமாகப் பார்த்துப் பவுனு ஒயரைத் தேடிப் போனது. தன் முள்ளைக் கொடுத்து மாட்டிய ஒயரைத் தன் பல்லாலேயே கடிக்கப் போகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இணைப்புப் பெட்டி இருந்த நாவல் மரத்துக்குக் கீழே ஏற்கெனவே ஆள் இருந்தது. மகுடபதி. அதன் வாயில் ஒயர். அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன.

"என்ன தம்பி இது?"

மகுடபதி ஒயரைத் துப்பியது. "ஒண்ணுமில்லீங்கக்கா. ஒயரு நல்லா இருக்குதான்னு பாத்தேன்."

"வாயிலயா?"

"கையி இல்லீங்களே. அக்கா எங்க இந்தப் பக்கம்?"

"நானும் அது நல்லா இருக்குதான்னு பாக்கத்தான் வந்தேன்."

"நானும் அதுக்குத்தாங்க வந்தேன்," என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. அங்கண்ணன் ஒயரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் புதருக்குள்ளிருந்து ஒரு தோகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சொந்தக்காரர், நான் இங்கே இல்லை என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"செந்நாய்க கிட்டப் போனீங்கன்னு சொன்னாங்களே?" என்று பவுனு கேட்டது.

மகுடபதி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. "போனேங்கக்கா. பூதம் பாத்துச்சு, நான் திரும்பிட்டேன். அவனுக ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. 'என்னாச்சு'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த ஆட்டத்துக்கு வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டானுக."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மகுடபதி காலை முழுக்க மென்றும் ஒயரின் மேல்தோலே கிழியவில்லை. அங்கண்ணன் தொங்கியும் அறவில்லை. சிங்காரம் கொத்திப் பார்த்து அலகு மழுங்கியதுதான் மிச்சம். கடிக்கிற பல் குழுவில் ஒருவருக்குத்தான் இருந்தது.

"முழுசாக் கடிச்சுறக் கூடாதுங்கக்கா," என்றது மகுடபதி. "செத்துப்போச்சுன்னா ஆட்டமே இல்ல. சுத்தணும், ஆனா சாகக் கூடாது."

"தெரியும் தம்பி. உள்ள இழை இழையா இருக்கும். பாதியை விட்டுட்டுப் பாதியைக் கடிக்கறேன்."

மகுடபதி உத்தரவு போட்டது. அங்கண்ணன் கிளையில் காலைக் கொடுத்துத் தலைகீழாகத் தொங்கி, ஒயரைக் கீழே இறக்கி அசையாமல் பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே ஒரு கொத்து நிஜப் பழம் இருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிங்காரம் புதரைவிட்டு வந்து, பக்கத்து மரத்தில் இருந்த தாசப்பனின் பொந்துக்கு நேரே தோகையை விரித்து மறைத்தது. விரித்த தோகை எப்படித் தெரிகிறது என்று ஒருதரம்கூடத் திரும்பவில்லை. மகுடபதி ஒயரின் தொங்கிய பாகத்தைக் குளம்பால் மிதித்து, விறைப்பாக நிறுத்தியது. பவுனு கடிக்க வேண்டுமானால் அதன் விலாவை ஒட்டி வந்து நின்றாக வேண்டும்.

பவுனு வந்தது. முள் மகுடபதியின் தோலைத் தொட்டது. பவுனு இரண்டடி பின்னால் போனது. ஒயர் நழுவியது.

"அக்கா, பின்னால போகாதீங்க."

"முள்ளு குத்திருமே தம்பி. அதுக்குத்தான் நான் எப்பவும்..."

மகுடபதி கொஞ்சநேரம் பவுனுவையே பார்த்தது. அன்றைக்குக் கோட்டையில் நடந்தது அப்போதுதான் அதற்கு விளங்கியது போலிருந்தது. "அட, அதுக்கா போனீங்க? இது காட்டெருமைத் தோலுங்கக்கா. சொறிஞ்சு விட்ட மாதிரி சொகமா இருக்கும். ஒட்டி நில்லுங்க."

பவுனு ஒட்டி நின்றது. முட்கள் அந்தப் பெரிய விலாவில் அழுந்தின. யாரும் அலறவில்லை. பவுனு ஒயரைப் பல்லில் வாங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பொந்துக்குள் தாசப்பன் விழித்துக்கொண்டது. தோகையைச் சுற்றிக்கொண்டு பறந்து வந்து, "யாரது என் லைன்ல?" என்று மகுடபதியின் மூக்குக்கு நேரே நின்று சிறகடித்தது. கொத்தியது. மறுபடியும் கொத்தியது. உள்ளங்கை அளவு பறவைதான், ஆனால் மரத்தைத் துளைக்கிற அலகு. மகுடபதி திரும்பவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. மார்பைக் காட்டிக்கொண்டு அத்தனை கொத்தையும் வாங்கியது. சிங்காரம் குறுக்கே புகுந்து, "மேகம் கூடிருச்சு, அதான் ஆடறேன், கொஞ்சம் தள்ளிக்கங்க!" என்று தாசப்பனின் முகத்தில் தோகையை வீசி வீசி ஆடியது. கிளையில் அங்கண்ணனின் கை இம்மியும் அசையவில்லை. நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பாதி இழை போயிற்று, பாதி இழை நின்றது.

குழு தொடங்கிய நாளிலிருந்து நாலு பேரும் அவரவர் வேலையை அவரவர் இடத்தில் நின்று, ஒரு பிசகும் இல்லாமல் முடித்தது அதுதான் முதல் தடவை. அந்த ஆட்டத்தைப் பூதத்திடம் ஆடியிருந்தால் பூதம் கிரீடத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போயிருக்கும்.

தாசப்பன் தன் பெயரை மாற்றிக்கொண்டதா என்று தெரியவில்லை. அன்று மாலை கோட்டைக் கதவு திறந்தபோது மட்டும், திரையின் நடுவில் அந்த வட்டம் அழகாகச் சுற்றியது. சிங்காரம் பீலி மினுக்கத்தை மறுபடி உச்சத்துக்கு ஏற்றியிருந்தது. பூதம் எழுந்தது, நின்றது, காலைப் பாதி தூக்கியபடி உறைந்தது. படம் மறுபடி நகர்ந்தபோது எல்லோரும் செத்திருந்தார்கள்.

மகுடபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. மூக்கில் கொத்துப் பட்ட இடத்தில் பச்சிலை வைத்திருந்ததால் குரல் கொஞ்சம் அடைத்திருந்தது.

"என்னாச்சு?"

"சுத்துது!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை அதற்குமுன் யாரும் சொன்னதில்லை.

"எனக்கு இப்பத்தான் புரியுது," என்றது மகுடபதி. "அன்னிக்குச் சண்டை வந்துச்சே, அன்னிக்கே ஒயரு லேசாப் போயிருந்திருக்கும். வெளக்கு மட்டும் பச்சையாக் காட்டியிருக்குது."

"எனக்கு அப்பவே சந்தேகமுங்கண்ணா," என்றது அங்கண்ணன்.

"அந்த ஒயரை எவன் கடிச்சானோ, அவன் பல்லு கொட்டிப் போகணும்!" என்று சிங்காரம் நிஜமான ஆத்திரத்தோடு சாபம் கொடுத்தது.

"கொட்டட்டும் தம்பி, நல்லாக் கொட்டட்டும்," என்று பவுனு மனதாரச் சொன்னது. அடுத்த ஆட்டத்திலும் வட்டம் சுற்ற, திரையில் மூன்று பேரும் வெண்பட்டை ஒட்டிக்கொண்டு, பின்வாங்க வழியில்லாமல், வெகுநேரம் உறைந்து நின்றார்கள். பவுனு போனை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

நீதி: நண்பர்கள் நிலைக்க வேண்டுமென்றால் நெட்டைச் சரிசெய்யாதீர்கள். சரிசெய்துதான் தீருவேன் என்கிறவர்கள், திரும்பக் கடிப்பதற்குப் பல் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்துக்கொள்ளவும்.